கரும்புத் தீவின் அரிசிப் பானை: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் மொரீஷியஸ் பற்றிப் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன்: ‘அந்த நாட்டுச் சாப்பாட்டில் முக்கால் பங்கு கப்பலில்தான் வருகிறது.’ அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதங்கள் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சினிமாக் கேள்விகள், ஜாதகக் கேள்விகள் எல்லாம் அடுத்த இதழுக்குப் போகட்டும். இந்த முறை முழுக்க அந்தத் தீவுதான்.

கே: நல்ல மண், நல்ல மழை. அப்படியிருந்தும் நெல்லைப் போடாமல் கரும்பையே கட்டிக்கொண்டு அழுகிறார்களே, இது முட்டாள்தனம் இல்லையா? (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், திருவாரூர்)

ப: திருவாரூரில் இருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும் ஐயா. உங்கள் ஊர் வண்டல் வேறு, அந்த ஊர் மண் வேறு. அது எரிமலை கக்கிய தீவு. கரும்புக் காட்டுக்கு நடுவில் கருங்கற்களை மலை மலையாகக் குவித்து வைத்திருப்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் பல கூலியாட்கள் கையால் பொறுக்கிப் போட்டவை, அவர்களில் நம் ஊரிலிருந்து கப்பலேறிப் போனவர்களும் உண்டு. தண்ணீர் தேங்கி நிற்கிற சமதளம் அங்கே அபூர்வம். மொத்த நாடும் ஏறக்குறைய 2,040 சதுர கிலோமீட்டர், நம் கன்னியாகுமரி மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். அதில் சுமார் பன்னிரண்டரை லட்சம் பேருக்கு நெல் விளைவிப்பது நடக்கிற காரியம் இல்லை.

இன்னொரு காரணம் புயல். 1960இல் ‘கரோல்’ என்று ஒரு புயல் தீவையே புரட்டிப் போட்டது. அந்த ஆண்டு சர்க்கரை உற்பத்தி முந்தைய ஆண்டில் பாதிகூட இல்லை. ஆனால் அடுத்த ஆண்டே கிட்டத்தட்டப் பழைய அளவுக்கு வந்துவிட்டது. கரும்பு சாய்ந்தாலும் வேர் போகாது, மறுதாம்பு துளிர்த்துவிடும், ஒரு தடவை நட்டால் பல வருஷம் வெட்டலாம். தக்காளியோ கத்திரியோ அப்படி இல்லை, ஒரே ராத்திரியில் எல்லாம் போய்விடும். டச்சுக்காரர்கள் 1639இல் ஜாவாவிலிருந்து கரும்பைக் கொண்டுவந்தார்கள், பிறகு பிரெஞ்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் அதையே பெருக்கினார்கள். பேராசைதான் முதல் காரணம், அதில் சந்தேகமில்லை, ஆனால் அந்த மண்ணுக்கும் அந்தக் காற்றுக்கும் தாக்குப்பிடிக்கிற பயிர் என்பதும் உண்மை.

அப்புறம் காசு. 1975இல் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தோடு (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) போட்ட சர்க்கரை ஒப்பந்தத்தில் ஆண்டுக்குச் சுமார் ஐந்து லட்சம் டன் சர்க்கரையை உறுதியான விலைக்கு வாங்கிக்கொள்வதாக எழுதிக் கொடுத்தார்கள். அந்த விலை பல ஆண்டுகள் உலகச் சந்தை விலையைப்போல் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இருந்தது. ஒரு கிலோ சர்க்கரையை அந்த விலைக்கு விற்று அதற்குப் பல கிலோ அரிசி வாங்கலாம் என்றால் நீங்களாக இருந்தாலும் எதை நடுவீர்கள்? அந்தச் சர்க்கரைப் பணத்தில் ஒரு பகுதிதான் ஜவுளி ஆலைகளாகவும் ஓட்டல்களாகவும் மாறியது.

கே: அந்த ஐரோப்பிய விலை இப்போதும் கிடைக்கிறதா? (கல்லூரி மாணவி, மதுரை)

ப: இல்லை. 2006இல் தொடங்கி 2009க்குள் ஐரோப்பிய ஒன்றியம் விலையை 36 சதவீதம் குறைத்தது. 2017இல் ஐரோப்பாவுக்குள் இருந்த உற்பத்தி ஒதுக்கீட்டையும் எடுத்துவிட்டார்கள், அங்கே பீட்ரூட் சர்க்கரை வேண்டிய மட்டும் செய்யலாம் என்றாகிவிட்டது. மொரீஷியஸின் சர்க்கரை உற்பத்தி ஒரு காலத்தில் ஏழு லட்சம் டன்னைத் தொட்டது, இப்போது இரண்டரை லட்சத்துக்கும் கீழே. சுதந்திரம் வாங்கிய 1968இல் இருபதுக்கு மேல் ஆலைகள், இன்று ஓடுவது மூன்று. தாக்குப்பிடிக்க டெமராரா, மஸ்கோவாடோ என்று விலை கூடின தனிரகச் சர்க்கரைகளைச் செய்கிறார்கள், சக்கையை எரித்து மின்சாரமும் விற்கிறார்கள்.

நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது, அதுதான் முக்கியம். கரும்பு போன நிலத்துக்கு என்ன ஆயிற்று? அங்கெல்லாம் காய்கறி வந்திருக்க வேண்டும் என்றுதானே நினைப்போம்? வரவில்லை. வெளிநாட்டுப் பணக்காரர்கள் சொகுசு வீடு வாங்கலாம் என்று 2002 வாக்கில் ஒரு திட்டம், 2015இல் ‘ஸ்மார்ட் சிட்டி’ என்று இன்னொரு திட்டம். பெரிய நிலம் யாரிடம் இருந்தது? சர்க்கரைக் கம்பெனிகளிடம்தான். வெண்டைக்காய் போட்டு எடுக்கிற காசையும் வில்லா கட்டி விற்கிற காசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்த முதலாளியும் வெண்டைக்காய் பக்கம் போகமாட்டான். சின்னச் சின்னக் கரும்பு விவசாயிகள் இன்னொரு பக்கம். அவர்களுக்கு வயதாகிவிட்டது, பிள்ளைகள் அலுவலக வேலைக்குப் போய்விட்டார்கள், வெட்ட ஆள் கிடைக்காமல் நிலம் புதர் மண்டிக் கிடக்கிறது. ஒரு பக்கம் ‘உணவுப் பாதுகாப்பு’ என்று கொள்கை அறிக்கை, இன்னொரு பக்கம் விளைநிலத்தில் நீச்சல்குளம், இரண்டுக்கும் ஒரே அரசாங்கம்தான் கையெழுத்துப் போடுகிறது. மொரீஷியஸ் செய்த தப்பு எது என்று கேட்டால் கரும்பை நட்டது இல்லை, கரும்பு போன பிறகு நிலத்தைக் கைவிட்டதுதான் என்பேன்.

கே: இந்தியா 2023இல் அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது அவர்கள் என்ன செய்தார்கள்? (இல்லத்தரசி, ஈரோடு)

ப: டெல்லிக்குப் போன் போட்டிருப்பார்கள்! வேடிக்கையாகச் சொல்லவில்லை, நடந்ததும் ஏறக்குறைய அதுதான். 2023 ஜூலை 20ஆம் தேதி பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கு இந்தியா தடை போட்டது. ஆகஸ்ட் கடைசியில் மூன்று நாடுகளுக்கு மட்டும் அரசாங்க வழியில் விலக்கு: பூடானுக்கு 79,000 டன், சிங்கப்பூருக்கு 50,000 டன், மொரீஷியஸுக்கு 14,000 டன். பதினாலாயிரம் டன் என்பதை மக்கள்தொகையால் வகுத்துப் பாருங்கள், தலைக்குச் சுமார் 11 கிலோ வரும். 2024 செப்டம்பர் கடைசியில் தடையையே நீக்கிவிட்டார்கள்.

அங்கே அரசு வணிகக் கழகம் ஒன்று உண்டு, நம் நுகர்பொருள் வாணிபக் கழகம் மாதிரி. ரேஷன் அரிசி, கோதுமை மாவு, பெட்ரோல், சமையல் காஸ் என்று பலதையும் அதுவே இறக்குமதி செய்கிறது. வருமானம் எவ்வளவு என்று கேட்காமல் எல்லோருக்கும் ஒரே மானிய விலை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் டெல்லியில் யாரோ ஒரு அதிகாரி, நம் ஊரில் விலை ஏறாமல் இருக்கட்டும் என்று ஒரு அறிவிப்பில் கையெழுத்துப் போட்டால், ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஒரு நாடு உறவைச் சொல்லி விலக்குக் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்டால் கிடைக்கிற உறவு இருந்தது, சரி. அந்த உறவு இல்லாத நாடுகள் அந்த வருஷம் வேறு இடத்தில் அதிக விலை கொடுத்து வாங்கின.

கே: கொரோனா சமயத்தில் அங்கே பட்டினி வந்ததா? (தஞ்சாவூர் வாசகர்)

ப: பட்டினி என்று சொல்ல முடியாது, பயம் வந்தது. 2020 மார்ச் 20 முதல் ஊரடங்கு. சில நாளிலேயே சூப்பர் மார்க்கெட்டுகளையும் மூடச் சொல்லிவிட்டார்கள், ஒரு வாரத்துக்கு மேல் கடையே கிடையாது. ஏப்ரல் 2ஆம் தேதி திறந்தபோது எல்லோரும் ஒன்றாக வந்து முண்டியடிக்கக் கூடாது என்று குடும்பப் பெயரின் முதல் எழுத்தைப் பார்த்து நாள் ஒதுக்கினார்கள். எழுத்து வரிசைப்படி மூன்று பிரிவு, ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்தில் இரண்டு நாள். கிடங்கில் சரக்கு இருந்தது, கைக்கு வரவில்லை, அதுதான் அங்கே நடந்தது. உணவுப் பாதுகாப்பு என்றால் விளைச்சல் கணக்கு மட்டும் இல்லை, கடைசி நூறு மீட்டரில் பொருள் எப்படி வீட்டுக்கு வருகிறது என்பதும் அதில் சேர்த்தி. அந்த வாரங்களில் வீட்டுக் கொல்லையில் முருங்கையும் கீரையும் வைத்திருந்தவர்கள் பாடு கொஞ்சம் தேவலை. முருங்கைக்கீரையை அந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலிலும் ‘ப்ரேட் முரும்’ என்றுதான் சொல்கிறார்கள்.

கே: கோழியிலும் முட்டையிலும் தன்னிறைவு என்று படித்தேனே. அப்படியென்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்ததே? (கோழிப்பண்ணையாளர், நாமக்கல்)

ப: நாமக்கல்காரர் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா! தீவனம் எங்கிருந்து வருகிறது என்று நீங்களே முதலில் கேட்டிருக்க வேண்டாமா? மக்காச்சோளமும் சோயாவும் கப்பலில்தான் வருகின்றன. கோழி உள்ளூர்க் கோழி, அதன் வயிற்றுக்குள் இருப்பது வெளிநாட்டு மக்காச்சோளம். கணக்கில் ‘நூறு சதவீதம் உள்நாட்டு உற்பத்தி’ என்று வரும், துறைமுகம் ஒரு மாதம் மூடினால் அந்த நூறு என்ன ஆகும் என்பது உங்களுக்கே தெரியும். ஆனாலும் ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன். உறைந்த கோழியை இறக்குமதி செய்வதைவிடத் தீவனத்தை இறக்குமதி செய்வது மேல். வேலை உள்ளூரில் இருக்கிறது, எருவும் தோட்டத்துக்கு ஆகிறது, தானியத்தை இன்னும் சில மாதம் இருப்பு வைக்கலாம்.

பால் கதை இதைவிட மோசம். பெரும்பாலும் பால் பவுடர்தான், அதுவும் இறக்குமதி.

கே: ரசாயனத்தை விட்டு முழு இயற்கை விவசாயத்துக்கு மாறினால் தீவு நாடுகளுக்கு நல்லதுதானே? (வவுனியா வாசகர்)

ப: 2021இல் உங்கள் நாட்டிலேயே உர இறக்குமதியைத் திடீரென்று நிறுத்திப் பார்த்தார்கள், அந்த நவம்பருக்குள் பின்வாங்கினார்கள், நெல்லும் தேயிலையும் என்ன ஆயிற்று என்று வயலில் நின்று பார்த்தவர் நீங்கள். உங்களுக்கு நான் என்ன சொல்ல? மொரீஷியஸில் காய்கறிக்கு மருந்து அடிப்பது மிக அதிகம் என்ற புகார் ரொம்ப நாளாக உண்டு, 2018இல் பூச்சிமருந்துப் பயன்பாட்டுக்கென்றே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். குறைக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து இல்லை. ஒரே பருவத்தில் குறைக்க வேண்டும் என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை.

கே: குரங்குத் தொல்லை அங்கேயும் உண்டா? (கொடைக்கானல் வாசகர்)

ப: உண்டு, பலமாகவே. நீண்ட வால் குரங்குகள், மாலுமிகள் கொண்டுவந்து விட்டவை. அவற்றைப் பிடித்து வெளிநாட்டு மருந்து ஆராய்ச்சிக் கூடங்களுக்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் ஏற்றுமதி செய்கிறார்கள். இந்த யோசனையைக் கொடைக்கானலில் சொல்லிவிடாதீர்கள். பழந்தின்னி வௌவாலோடும் சண்டை. லிச்சியும் மாம்பழமும் போகிறது என்று 2015இல் அரசே ஆயிரக்கணக்கில் சுடச் சொன்னது, மறு ஆண்டும் சொன்னது. அந்த வட்டாரத் தீவுகளைத் தவிர அந்த வௌவால் உலகத்தில் வேறு எங்கும் கிடையாது, 2018இல் அது அழியும் அபாயத்தில் உள்ள இனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. மரத்துக்கு வலை போடலாம், வலைக்கு மானியமும் உண்டு.

கே: சிங்கப்பூர் மாதிரி மாடி மாடியாக விவசாயம் செய்தால் என்ன? (மென்பொருள் பொறியாளர், சென்னை)

ப: சிங்கப்பூரே அந்த நம்பிக்கையைச் சுருட்டிக்கொண்டது. 2030க்குள் உணவுத் தேவையில் 30 சதவீதம் உள்ளூரில் என்று 2019இல் இலக்கு வைத்தார்கள், 2025 இறுதியில் அதைக் கைவிட்டு 2035க்கு வேறு இலக்கு வைத்துக்கொண்டார்கள். மின்சாரச் செலவில் கீரை விலை தங்க விலை ஆனதால் பண்ணைகள் சில மூடப்பட்டன. மொரீஷியஸில் வெயிலும் இருக்கிறது, நிலமும் இருக்கிறது, விளக்குப் போட்டுக் கீரை வளர்க்க அவர்களுக்கு என்ன தலையெழுத்து?

கே: சும்மா குறை சொல்லிக்கொண்டே போகிறீர்கள். உங்களை அங்கே வேளாண் அமைச்சர் ஆக்கினால் என்ன செய்வீர்கள்? (கோவை வாசகர்)

ப: கோபம் நியாயம்தான். முதலில் செய்யக் கூடாததைச் சொல்கிறேன். 2009 வாக்கில் மொசாம்பிக்கில் இருபதாயிரம் எக்டேர் அளவுக்கு நிலம் குத்தகைக்கு எடுத்து நெல் விளைவித்துக் கொண்டுவரலாம் என்று ஒரு திட்டம் போட்டார்கள். காகிதத்தில் அழகாக இருந்தது. தனக்கே சோற்றுக்குத் திண்டாடுகிற ஒரு நாட்டின் நிலத்தில் நெல் விளைத்து நம் ஊருக்கு ஏற்றுவோம் என்பது எப்படி நடக்கும்? நெருக்கடி வந்தால் அந்த நாடும் இந்தியா மாதிரிக் கதவைச் சாத்தத்தானே செய்யும்? அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கிவிடவில்லை.

அதனால் நான் அரிசியில் கை வைக்க மாட்டேன். வாங்கித்தான் ஆக வேண்டும், ஆனால் ஒரே ஆளிடம் வாங்க மாட்டேன், இருப்பைக் கூட்டுவேன். கை வைப்பது கிழங்கிலும் காய்கறியிலும். இது அந்தத் தீவுக்குப் புதுசும் இல்லை. 1735இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லபூர்தொனே பிரேசில் பக்கமிருந்து மரவள்ளியைக் கொண்டுவந்து பரப்பினார். அடிமைகளுக்கு மலிவாகச் சோறு போட வேண்டும் என்பதுதான் அவர் கணக்கு, நல்ல மனசு ஒன்றும் இல்லை. ஆனால் புயல் அடித்தாலும் கிழங்கு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும் என்பதும் அதில் இருந்தது. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அங்கிருந்து வந்த அரிசி நின்றது. கரும்புத் தோட்டக்காரர்களைக் கட்டாயப்படுத்தி மரவள்ளியும் மக்காச்சோளமும் போடச் செய்து காலம் தள்ளினார்கள். போர் முடிந்தது, கப்பல் வந்தது, எல்லோரும் மறுபடி கரும்புக்குத் திரும்பிவிட்டார்கள்.

கரும்பு வரிசைகளுக்கு நடுவில் உருளைக்கிழங்கை ஊடுபயிராகப் போடுகிற பழக்கம் அங்கே ஏற்கெனவே உண்டு. புதுக் கரும்பு நட்டு அது நிலத்தை மூடுவதற்குள் கிழங்கை எடுத்துவிடலாம். உருளை, வெங்காயம், பூண்டை வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் வைத்து விற்க 1960களிலிருந்தே ஒரு வேளாண் விற்பனை வாரியம் இருக்கிறது. எந்திரம் எல்லாம் தயார், விவசாயிக்குக் கிடைக்கிற விலையும் விதைக்கிழங்கும்தான் இடிக்கிறது. அங்கே பணத்தைப் போடுவேன். காய்கறிக்குப் புயல்காலத்தில் தாக்குப்பிடிக்கிற குடில்கள், அவை பறந்துபோனால் தாமதமில்லாமல் காப்பீடு. ரொட்ரீக்ஸ் என்று அவர்களுக்கே சொந்தமான சின்னத் தீவு ஒன்று கிழக்கே இருக்கிறது, பீன்ஸ், மக்காச்சோளம், வெங்காயம், எலுமிச்சை, காரமான சின்ன மிளகாய்க்குப் பேர் போனது, தண்ணீர்தான் பஞ்சம். அங்கே ஒவ்வொரு மழைநீர்த் தொட்டிக்கும் காசு கொடுப்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலே, விவசாய நிலத்தை வீட்டுமனை ஆக்க விடமாட்டேன், புதர் மண்டிய நிலத்தைக் குத்தகைக்கு விட்டால் வரிச்சலுகை, சும்மா போட்டால் வரி. இதைச் செய்தால் அடுத்த தேர்தலில் நான் அமைச்சராக இருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம். ஆண்டுக்குப் பதின்மூன்று லட்சத்துக்கும் மேல் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், அதாவது உள்ளூர் ஜனத்தொகையைவிட அதிகம். நாட்டின் வருமானத்தில் அவர்கள் பங்கு பெரிசு, வில்லா வாங்குபவர்களும் அந்தக் கூட்டத்திலிருந்துதான் வருகிறார்கள். அந்த லாபியை எதிர்த்து நிற்பது சுலபம் இல்லை.

கே: அங்குள்ள தமிழர்கள் தைப்பூசத்துக்குக் காய்கறி விரதம் இருப்பார்களாமே, விலை எப்படி? (பழனி வாசகர்)

ப: சரியான இடத்தில் பிடித்தீர்கள். தைப்பூசக் காவடி அங்கே அரசு விடுமுறை, பத்து நாள் விரதம், முடிந்ததும் வாழை இலையில் ஏழு கறியோடு சாப்பாடு. அந்தச் சமயம்தான் புயல் பருவத்தின் உச்சமும். 2024இல் ‘பெலால்’ புயல் வந்தது ஜனவரி 15, பொங்கல் நாள். தலைநகர் போர்ட் லூயி தெருக்களில் கார்கள் மிதந்தன. தைப்பூசம் அதிலிருந்து பத்தாவது நாள். விரதக்காரர்கள் காய்கறி வாங்கப் போகிற நேரத்தில் தோட்டங்கள் தண்ணீரில் கிடந்தால் விலை எப்படி இருக்கும் என்று நீங்களே சொல்லுங்கள். கீரை திரும்பி வர ஒன்றரை மாதம், மற்ற காய்களுக்கு இரண்டு மூன்று மாதம். அதுவரைக்கும் சௌசௌ, பூசணி, பருப்பு என்று சமாளிப்பார்கள், பருப்பும் கப்பலில் வந்ததுதான்.